தைராய்டு என்று பெயர் வைத்தவள் நான்தான்

போன மாதம் செஞ்சிக் கடைவீதியில் ஒரு மனிதர் என் அக்கா மகளின் கையில் தோசைக்கல்லைக் கொடுத்தார்.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். கீழே விழுந்து, கண் செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். வேறு இடமாக இருந்தால் சாவிக்கொத்தோடு முடிந்திருக்கும். இது நடந்ததோ என் அக்கா அமுதாவின் பாத்திரக்கடையில். அங்கே இரும்புக்கு என்ன பஞ்சம்? ஒருவர் ஜல்லிக்கரண்டியை நீட்டினார். ஒருவர் இடுக்கி. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் நிதானமாக மேல்தட்டைப் பார்த்து, இருப்பதிலேயே கனமான தோசைக்கல்லை இறக்கினார் – விலைச்சீட்டோடு.

"இத கையில வைங்கம்மா. ரெண்டு நிமிஷத்துல நின்னுடும்."

நின்றது. பெரும்பாலும் வலிப்பு தோசைக்கல் இல்லாமலே இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிடும் என்று அவருக்கு யார் சொல்வது? ஓர் உயிரைக் காப்பாற்றிய கதையை அவர் இன்றைக்கும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். வினோதாவை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தலைக்கு அடியில் என் கைப்பையை வைத்தேன். கழுத்தைச் சுற்றியிருந்த துப்பட்டாவைத் தளர்த்தினேன். பல்லுக்கு இடையில் ஸ்பூன் வைக்க வந்த ஒரு அம்மாளைத் தள்ளிவிட்டேன். எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே 108-க்குச் சொன்னேன். கோட்டை பார்க்க வந்த ஒரு தம்பி போனைத் தூக்கி வீடியோ எடுத்தான்... அவனையும் கவனித்தேன்.

பரவாயில்லையே, விவரமான சித்திதான் என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அவள் அன்றைக்கு விழுந்ததில் அந்த விவரமான சித்திக்குப் பெரிய பங்கு உண்டு.

வினோதாவுக்கு முதல் வலிப்பு ஒன்பதாம் வகுப்பில் வந்தது. பாண்டிச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினோம். காலை ஒரு மாத்திரை, இரவு ஒரு மாத்திரை. ஒழுங்காகப் போட்டாள், வலிப்பும் ஒழுங்காக அடங்கியது. கல்லூரி முடித்தாள், கடையில் கணக்குப் பார்த்தாள், ஸ்கூட்டர் மட்டும் ஓட்டவில்லை. ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த நேரத்தில் வல்லத்திலிருந்து வரன் வந்தது.

மாப்பிள்ளை பிரகாஷுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலை. ஊரில் அம்மா, கொஞ்சம் நிலம், மணிலா என்கிற நிலக்கடலைப் பயிர், நாலு மாடு. வினோதா நேர்மையானவள். பையனிடம் தனியாகப் பேசி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவனும் நல்லவன். "அதனால இன்னா" என்றான். அடுத்த வாக்கியமாக, "எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றும் சொன்னான்.

கடையின் பின்னறையில், குக்கர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, குடும்ப மாநாடு கூடியது. தினம் இரண்டு வேளை மாத்திரை போடுவதை மாமியார் பார்க்க மாட்டாரா? கேட்டால் என்ன சொல்வது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே எழுதுகிறவள்.

"ஏண்டி, வாரா வாரம் பக்கம் பக்கமா எழுதறியே. ஒரு வியாதி பேரு சொல்ல மாட்டியா?" என்றாள் அக்கா.

"தைராய்டு" என்றேன்.

என் எழுத்து வாழ்க்கையில் எல்லோரும் முழுமனதாகப் பாராட்டிய ஒரே படைப்பு அதுதான். எவ்வளவு பொருத்தமான வியாதி பாருங்கள். வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறது. அதற்காக எந்தக் கல்யாணமும் நிற்பதில்லை. எனக்கும் பதினோரு வருடமாக இருக்கிறது. தைராய்டு மாத்திரை சின்ன பாட்டிலில் வருமா, காலியான ஒரு பாட்டிலைக் கழுவி, காயவைத்து, வினோதாவுக்குக் கொடுத்தேன். வலிப்பு மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து அதில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படிப் பிரித்து வைத்தால் மாத்திரை கெடுமா என்றுகூட நாங்கள் யோசிக்கவில்லை. சித்தி வீட்டுச் சீராக அந்தப் பாட்டில் வல்லத்துக்குப் போனது.

அந்த வாரப் பத்தியில் நான் எழுதியது, பிள்ளைகள் முன்னால் பொய் பேசாதீர்கள் என்று. உங்களில் பலர் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நன்றி.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நம்மிடையே சர்க்கரைக்கு இருக்கிற மரியாதை வலிப்புக்குக் கிடையாது. திண்டிவனம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தன் பெயரைச் சொல்லும் முன் சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். பிரஷரை, முட்டி தேய்மானத்தை, மூலத்தைக்கூடப் பந்தியில் உட்கார்ந்து பேசுவோம். வலிப்பு என்றால் மட்டும் குரல் இறங்கிவிடும், ஜன்னல் மூடிவிடும். அதுவும் பெண்ணுக்கு என்றால்... கேட்கவே வேண்டாம்.

இந்தக் கூத்துக்கு நடுவிலும் இரண்டு பேர் புத்தியோடு நடந்துகொண்டார்கள். வினோதாவும் பிரகாஷும்தான். குழந்தை வேண்டும் என்று நினைத்தால் முதலில் தன்னிடம் வர வேண்டும் என்று பாண்டிச்சேரி டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவள் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாத ரகமாம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அது உடம்புக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் கர்ப்பம் தரிக்க வேண்டுமாம். கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரை. இருவரும் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மாதாமாதம் பாண்டிச்சேரி போனார்கள். ஐந்து மாதம் துணி எடுத்தும் ஒரு ஜாக்கெட் துண்டுகூட வீடு வந்து சேரவில்லை என்பதை மாமியார் கவனித்திருக்கிறார். எங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

ஒவ்வொரு முறையும் டாக்டர் ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினாராம். "யார் சொன்னாலும், எதுக்காகவும், நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க. குறைக்கணும்னாலும் நிறுத்தணும்னாலும் நான்தான் சொல்லணும்."

மாமியார் பெயர் ருக்மணி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. ஒரு விசேஷத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார். "எங்க நாத்தனாருக்கும் தைராய்டுதான். காலையில வெறும் வயித்துல ஒண்ணு போடும், அத்தோட சரி. இது ராத்திரியும் போடுதே, இன்னா கணக்கு?"

"இது வேற டைப்" என்றேன். விஷயம் தெரியாதவர்கள் தப்பிக்க இதைவிட நல்ல வார்த்தை கிடையாது. அவரும் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஆறாம் மாதக் கடைசியில் ஊர் சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். "வேற ஏதாச்சும் மாத்திரை போடறியாம்மா?" என்று நர்ஸ் கேட்டிருக்கிறார். பக்கத்தில் மாமியார். "தைராய்டுக்குப் போடுதும்மா" என்று மாமியாரே பதில் சொல்லியிருக்கிறார். அதற்கும் சேர்த்துப் பரிசோதனை ஆனது. தைராய்டு நார்மல் என்று தாள் வந்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். மருமகள் மேல் பிரியம் உள்ள ஒரு மாமியார் என்ன செய்வார்? வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வேண்டாத மாத்திரை கூடாது என்று எல்லோரும்தானே சொல்கிறோம்? பாட்டிலை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "இல்லாத வியாதிக்கு இனிமே ஒண்ணும் போட வேணாம். புள்ளைக்கு ஆவாது."

வினோதா அம்மாவுக்கு போன் போட்டாள். அக்கா எனக்குப் போட்டாள். மாத்திரை போடுவதால்தான் தைராய்டு நார்மலாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் போதும், பீரோ திறந்திருக்கும். பதினோரு வருடமாக நார்மல் ரிப்போர்ட்டோடு மாத்திரை விழுங்குகிறவள் நான். எனக்கே அது தோன்றவில்லை. பத்தி அனுப்ப வேண்டிய நாள் வேறு. "வளைகாப்புக்கு இன்னும் பத்து நாளுதானே இருக்குது. அதுவரைக்கும் சமாளிக்கச் சொல்லு. அப்பறம் நம்ம வூட்டுக்குத்தானே வரப்போவுது" என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வினோதாவுக்கும் உள்ளுக்குள் ஒரு சபலம். மூன்று வருடமாக வலிப்பே இல்லையே... பத்து நாள் போடாமல் இருந்தால் பிள்ளைக்கு நல்லதுதானோ? புருஷனிடம் சொன்னால் அம்மாவோடு சண்டை வரும் என்று அவனிடமும் சொல்லவில்லை. எங்கள் மூன்று பேர் கையிலும் போன் இருந்தது. மூன்று போனிலும் அந்த டாக்டரின் நம்பர் இருந்தது. ஒருத்தியும் அழைக்கவில்லை.

ஆறாம் நாள், வளைகாப்புத் தாம்பூலத்தில் என்ன பாத்திரம் கொடுப்பது என்று முடிவு செய்ய எல்லோரும் அக்கா கடையில் கூடினோம். கிண்ணம் போதும் என்றாள் அக்கா. எவர்சில்வர் சம்படம்தான் வேண்டும், மூடியில் பெயர் வெட்ட வேண்டும் என்றார் ருக்மணியம்மாள். வினோதா ஒரு சம்படத்தைக் கையில் எடுத்து மூடியைத் திருகினாள். அது கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அதன் பின்னாலேயே அவளும் விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் ஓடி வந்தார். ஸ்ட்ரெச்சரில் வினோதாவோடு தோசைக்கல்லும் வந்திருந்தது, யாரோ புண்ணியவான் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார். டாக்டர் அதை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கா?"

அக்காவுக்குப் பக்கத்தில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். "இல்ல டாக்டர். இதான் முதல் தடவை" என்றாள் அக்கா.

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். மகள் நினைவில்லாமல் கிடக்கிறாள், கேட்பவர் டாக்டர், அப்போதும் அந்தப் பதில்தான்.

"வேற மாத்திரை ஏதாவது?"

"தைராய்டுக்குப் போட்டுது. அதுவும் நார்மல்னு வந்துச்சு, நிறுத்திட்டோம்" என்றார் ருக்மணியம்மாள், உதவியாக.

வினோதாவுக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டரின் முகம் மாறியது. "முதல் தடவைன்னா, இது கர்ப்பத்துல பிரஷர் ஏறி வர்ற ஜன்னியா இருக்கலாம். அதுக்கு ட்ரீட்மென்ட் வேற. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அங்க பாத்துட்டு, தேவைப்பட்டா குழந்தையை இப்பவே எடுத்துடுவாங்க."

ஏழாம் மாதத்தில்.

அக்கா என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று அவள் கண் கெஞ்சியது. வார்த்தைக்குப் பஞ்சமே இல்லாதவள் என்று பெயர் வாங்கியவள், அந்தச் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது அதிகம்தான்.

"டாக்டர், இது முதல் தடவை இல்ல. பதினாலு வயசுலேர்ந்து வலிப்பு இருக்குது. அது தைராய்டு மாத்திரை இல்ல, வலிப்பு மாத்திரை. ஆறு நாளா போடல."

இத்தனை சிக்கனமாக நான் எதையும் எழுதியதில்லை. டாக்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. மாத்திரைச் சீட்டு எங்கே என்றார். வினோதாவின் போனில் படம் இருந்தது. சிறுநீர் பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், பிரஷரைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அது தானாக இறங்கியது. ஜன்னி இல்லை. மாத்திரை நின்றதால் வந்த வலிப்புதான். பாண்டிச்சேரி டாக்டரிடம் போனில் பேசி மருந்தை மறுபடி ஆரம்பித்தார்கள். வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் பாதி, அவமானம் பாதி.

வெளியே பெஞ்சில் ருக்மணியம்மாள் உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வலிப்புன்னு சொல்லியிருந்தா நான் பாட்டிலப் பூட்டி வெச்சிருப்பனா? நேரத்துக்கு நானே தண்ணி மோந்து குடுத்திருப்பேன். தைராய்டுன்னீங்க. அது நார்மல்னாங்க. நிறுத்தினேன். இப்ப சொல்லுங்க, என் பேரப்புள்ளைய கொல்லப் பாத்தது யாரு? நானா, நீங்களா?"

அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "சொல்லியிருந்தா பொண்ணு எடுத்திருப்பீங்களா சம்பந்தி?" என்று கேட்டாள்.

ருக்மணியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எடுத்திருக்க மாட்டேன்" என்றார். "உங்கள மாதிரி பொய் சொல்ல எனக்கு வராது. எடுத்திருக்க மாட்டேன்தான். ஆனா எடுத்தப்பறம் சொல்லியிருக்கலாம் இல்ல? ரெண்டு வருஷமா என் வூட்டுல இருக்குது. என் மாட்டுக்கு இன்னா சீக்குன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்கு இன்னா சீக்குன்னு எனக்குத் தெரியாது."

அவர் சொன்ன முதல் பாதியில் எங்கள் பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டாம் பாதியில் அதற்கு ஒரு மன்னிப்பும் இல்லை.

அடுத்த வாரம் பாண்டிச்சேரிக்கு ருக்மணியம்மாளும் வந்தார். இந்த முறை யாரும் துணி எடுக்கப் போகவில்லை. டாக்டர் எங்களைக் காய்ச்சி எடுத்தார். கர்ப்ப காலத்தில் உடம்பு மாத்திரையைச் சீக்கிரம் வெளியேற்றிவிடுமாம். முன்பு போதுமாக இருந்த அளவே இப்போது போதாமல் போகலாமாம். அவ்வப்போது ரத்தம் பார்த்து அளவை ஏற்ற வேண்டும், பிரசவம் ஆன பிறகு பார்த்து இறக்க வேண்டும். "அந்த நேரத்துல போய் மொத்தமா நிறுத்தியிருக்கீங்க. வலிப்புல அம்மா விழுந்தா குழந்தையும்தானே விழுது?" என்றார். அக்காவும் நானும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கேள்வி கேட்டவர் ருக்மணியம்மாள் மட்டும்தான்.

"மாத்திரை போட்டதும் வாந்தி வந்துட்டா?"

"உடனே வந்தா எனக்குப் போன் பண்ணுங்க. நீங்களா இன்னொண்ணு குடுக்காதீங்க."

"தாய்ப்பால் குடுக்கலாமா?"

"இந்த மாத்திரைக்கு தாராளமா குடுக்கலாம். ஆனா ராத்திரி முழுக்க முழிக்கக் கூடாது. தூக்கம் கெட்டா வலிப்பு வரும். பால் குடுத்ததும் குழந்தையை வேற யாராவது வாங்கிக்கணும்."

"நான் வாங்கிக்கறேன்" என்றார். அதோடு, பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது கட்டிலில் வேண்டாம், தரையில் பாய் போட்டு உட்கார்ந்து கொடுக்கட்டும் என்று டாக்டர் சொன்னதையும் ஒரு முறை திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்.

அடுத்து, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பும் பேச்சு வந்தது. "உங்க வூட்டுக்கு அனுப்பினா மாத்திரைக்கு இன்னும் இன்னா இன்னா பேரு வெப்பீங்களோ" என்று ருக்மணியம்மாள் இரண்டு நாள் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் வீடியோ கால் வர வேண்டும். மாத்திரை வாய்க்குள் போவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. ஒரு நாள் எட்டு ஐந்து ஆனதற்கு அக்கா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

வளைகாப்பு இருபது நாள் தள்ளி, ஏழாம் மாதம் முடிவதற்குள் செஞ்சியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. காலை நல்ல நேரம் ஏழரை. கூட்டம் வரிசையில் நின்று வளையல் போட்டுக்கொண்டிருந்தது. எட்டு அடித்ததும் ருக்மணியம்மாள் தண்ணீர் டம்ளரோடு மேடை ஏறினார்.

"கொஞ்சம் நிறுத்துங்க. மாத்திரை நேரம்."

"இன்னா மாத்திரை?" என்றது வரிசையில் இருந்த ஒரு அம்மாள்.

"வலிப்புக்கு" என்றார் அவர், கொல்லை நிலத்தின் கோடியில் மணிலா பிடுங்குகிற ஆளைக் கூப்பிடுகிற குரலில்.

அக்கா தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இரண்டு பேர் வளையல் போடாமலே இறங்கிப் போனார்கள். நேராகப் பந்திக்குத்தான் போனார்கள், ஐந்து வகை சாதத்தையும் ஒரு கை பார்த்தார்கள். மண்டகப்பட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண் மட்டும், கை கழுவும் இடத்தில், தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காதபடி என்னிடம் அந்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நம்பர் கொடுத்தேன்.

கிளம்பும்போது வாசலில் தாம்பூலப் பை கொடுத்தார்கள். என் பையை மட்டும் ருக்மணியம்மாள் தனியாக எடுத்து வைத்திருந்தார். "உங்களுக்கு இது, எழுதற அம்மா" என்று கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். வெற்றிலை, பாக்கு, தேங்காய் எல்லாம் இருந்தன. எல்லோருக்கும் கொடுத்த எவர்சில்வர் சம்படம் இல்லை.

அதற்குப் பதில் என் பழைய தைராய்டு பாட்டில் இருந்தது – கழுவி, காயவைத்து, மூடியில் மஞ்சள் குங்குமம் வைத்து.